அப்பா நடப்பாரா தெரியவில்லை, நிற்கவாவது வைக்கலாமா? (பக்கவாதம், 8 மாதம்)

வெண்ணாற்றங்கரை

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கிராமம். அப்பாவுக்கு 68 வயது. சம்பா நடவு நேரத்தில் வரப்பிலேயே விழுந்தார், பக்கவாதம். எட்டு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. பேச்சு குழறும், வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும். கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்காருவார். எழுந்து நிற்கத்தான் முடியாது.

முதலில் வந்துகொண்டிருந்த பிசியோ மூன்றாம் மாதத்தோடு நின்றுவிட்டார். போகும்போது, "தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பத்து நிமிஷம் நிற்க வையுங்கள்" என்றார். எப்படி என்று அவர் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நான் வலது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன். அம்மா பின்னால் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொள்வார். இரண்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் நாள் வலது முழங்கால் பொசுக்கென்று மடங்கியது. வேட்டி அம்மா கையோடு வந்துவிட்டது. அப்பா என்மேல், நான் சுவர்மேல், அம்மா தரையில். அப்பாவுக்கு அடி இல்லை. அம்மாவுக்கு இடுப்புப் பிடித்து ஒரு வாரம் படுக்கை. அப்பாவின் வலது தோள் அன்றிலிருந்து வலிக்கிறது, தொட்டாலே முகம் சுளிக்கிறார்.

அதோடு விட்டுவிட்டோம். இப்போது பார்த்தால் வலது குதிகால் தரையில் படுவதில்லை. உட்கார்ந்திருக்கும்போதே ஒரு விரல் உயரம் தூக்கிக்கொண்டு இருக்கிறது.

கடையில் ஸ்டாண்டிங் ஃப்ரேம் (ஆளைத் தாங்கி நிமிர்த்தி நிறுத்தும் சட்டம்) 24,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? எங்கள் சித்தப்பா, "நடக்கப் போறதில்லைன்னா நிக்க வெச்சு என்ன பண்ணப் போறே, கொடிமரமா?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பாய்மரம்

நாங்களும் ஜன்னல் கம்பிதான் அண்ணே. ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை விழுந்ததற்குப் பயந்தால் எப்படி?

குடந்தை பிசியோ

பாய்மரம், ஒன்றும் ஆகாதவரை ஒன்றும் ஆகவில்லைதான். நான் வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்கிற பிசியோ. ஜன்னல் கம்பிக் கதை எனக்கு மாதத்துக்கு இரண்டு வருகிறது.

வெண்ணாற்றங்கரை சார், முதலில் தோள். வாதம் வந்த பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. தசை தளர்ந்திருக்கும்போது கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். அந்தத் தோளைப் பிடித்து ஆளையே தூக்கினால் வலி மாதக்கணக்கில் போகாது. நிற்க வைக்கும்போதும் அந்தக் கை தொங்கக் கூடாது, முன்னால் ஒரு பலகையில் முழங்கை வரை படுத்திருக்க வேண்டும். வேட்டி முடிச்சும் பிடிமானம் இல்லை. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள்.

இப்போது சித்தப்பா கேள்வி. நிற்பதை நடையின் முதல் படியாக மட்டும் பார்ப்பதால்தான் அந்தக் கேள்வி வருகிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவருக்கு இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் நாற்காலி வடிவத்திலேயே இறுகிப்போகும். நின்றால் மூன்றும் ஒரே நேரத்தில் நீளும். புட்டத்தில் அழுத்தம் குறையும். கால் இறுக்கம் சில மணி நேரம் தளரும், அந்த நேரத்தில் குளிப்பாட்டுவதும் வேட்டி மாற்றுவதும் அம்மாவுக்கு எளிது. வயிறு ஒழுங்காகப் போகிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நடை வராவிட்டாலும் கட்டிலிலிருந்து கமோடு சேருக்கு மாறும்போது அரை நிமிஷம் காலில் எடை தாங்கினால் அது எவ்வளவு உதவி என்று, தூக்குகிறவர் இடுப்பைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அளவோடு எதிர்பாருங்கள். தண்டுவடம் அடிபட்ட 20 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் பார்த்திருக்கிறார்கள், 2005இல் வெளிவந்தது. வாரம் மூன்று தடவை அரை மணி நேரம், 12 வாரம். கணுக்காலில் கிடைத்தது சுமார் 4 டிகிரி. எலும்பு அடர்த்தியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. "நின்றால் எலும்பு இரும்பாகிவிடும்" என்று யாராவது விற்க வந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

ஃப்ரேம் வாங்கும் முன் பிபி பாருங்கள். படுத்து ஒரு தடவை, உட்கார்ந்து ஒரு தடவை, நின்ற மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அன்றைக்கு உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். பிபி மாத்திரை போடும் நேரத்தை அவர் மாற்றிக் கொடுக்கலாம், நீங்களாக மாற்றாதீர்கள். தொடர்ந்து கொட்டாவி, வியர்வை, முகம் வெளுப்பது, "கண்ணு மங்குது" என்பது, இதில் எது வந்தாலும் உடனே உட்கார வைத்துக் காலை மேலே தூக்குங்கள். பேச்சு குழறுபவர்களுக்கு வார்த்தை வராது, முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் மரம்

பட்டுக்கோட்டைப் பக்கம். பெயருக்கு விளக்கம் கேட்பார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 14 வருஷத்துக்கு முன் தேங்காய் பறிக்கப் போனேன். எட்டு மரம் ஏறி இறங்கியாயிற்று, ஒன்பதாவதில் மட்டை கையோடு வந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. 2018இல் கஜா வந்து அந்த ஒன்பது மரத்தையும் சாய்த்துவிட்டது. நான் இன்னும் நிற்கிறேன், தினமும் 40 நிமிஷம், ஃப்ரேமில்.

தம்பி, உன் சித்தப்பாவிடம் சொல்: நான் 14 வருஷமாக ஓர் அடி நடந்ததில்லை. நிற்காத வாரம் என் கால்கள் இரவில் தானாகத் துள்ளும், பக்கத்தில் படுப்பவர் உதை வாங்குவார். என் வீட்டம்மா காலண்டர் பார்க்காமலே சொல்லிவிடுவார், "நாலு நாளா நிக்கலை போல" என்று. அதைவிட வேறு பரிசோதனை எனக்கு வேண்டியதில்லை.

வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவில்தான் கற்றுக்கொண்டேன். அதை 1966இல் தொடங்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954 விபத்தில் அவருக்கே இரண்டு காலும் செயலிழந்து போயிற்று. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தவர். அவர் கதையைக் கேட்ட பிறகு அங்கே "என்னால் முடியாது" என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

பழக்கத்தில் தெரிந்த சில. மூத்திரப் பை போட்டிருப்பவர்கள் நிற்கும்முன் பையைக் காலில் கட்டுங்கள், குழாய் மடங்காமல் பாருங்கள், இடுப்புக்கு மேலே ஏறவே கூடாது. இறங்கியதும் முழங்காலுக்குக் கீழே, குதிகாலில், இடுப்பு பெல்ட் பட்ட இடத்தில் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் மறுநாள் நிற்காதீர்கள். எனக்கு உணர்ச்சி இல்லாததால் பின்பக்கம் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடிதான் வழி.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். நிற்பது மகா போர். கையில் வேலை இல்லாவிட்டால் ஐந்து நிமிஷம் ஐம்பது நிமிஷமாக இருக்கும். நான் ஃப்ரேமின் பலகைமேல் செல்போன் ரிப்பேர் பார்க்கிறேன். அப்பாவுக்கும் ஏதாவது கொடு.

தேரடி

எல்லோரும் நிற்பது நல்லது என்று ஊதுகிறீர்கள். என் அத்தை இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தவர். ஒரு தனியார் இடத்திலிருந்து வந்த ஆள் முதல் நாளே இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி நிமிர்த்தினார். முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். முழங்காலுக்கு மேலே தொடை எலும்பு. அத்தைக்கு வலியே தெரியவில்லை, மறுநாள் தொடை வீங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதற்கப்புறம் மூன்று மாதம் மாவுக்கட்டு. இதையும் எழுதுங்கள்.

குடந்தை பிசியோ

எழுத வேண்டியதுதான் சார், நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. நீண்ட நாள் எடை தாங்காத காலில் எலும்பு மெலிந்துபோகும், அதிலும் முழங்காலை ஒட்டிய பகுதி. உணர்ச்சி இல்லாதவர்களுக்கு முறிந்ததுகூடத் தெரியாது. அதனால் ஆறு மாதம், ஒரு வருஷம் நிற்காமல் இருந்தவரை டாக்டர் பார்க்காமல் நிற்க வைக்காதீர்கள். முதலில் டில்ட் டேபிளில் படுக்க வைத்து, மேஜையோடு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திப் பழக்குவது வழக்கம். காலில் ரத்தக்கட்டு இருக்கும் சந்தேகம், ஆறாத எலும்பு முறிவு, குதிகாலில் புண், நீட்டவே வராத முழங்கால், இவர்களுக்கெல்லாம் இப்போது வேண்டாம். தண்டுவட அடி நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ இருந்தால் பிபி திடீரென்று எகிறி மண்டை பிளக்கும் தலைவலி வரலாம். அவர்களுக்கு வீட்டில் சோதனை முயற்சியே கூடாது.

வாதம் வந்த முதல் நாளிலிருந்தே எழுப்பி நிறுத்துகிறேன் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். 2015இல் வெளிவந்த அவெர்ட் ஆய்வில் 2,104 பேர். 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து அடிக்கடி எழுப்பியவர்களுக்கு மூன்றாம் மாத முடிவில் பலன் குறைவாகத்தான் இருந்தது. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், அவசரத்துக்கும் இப்போது காரணம் இல்லை.

அரசலாறு

மயிலாடுதுறை. பள்ளி ஆசிரியை, இப்போது விருப்ப ஓய்வு. எனக்கு எம்.எஸ். இங்கே எம்.எஸ். என்றால் சுப்புலட்சுமி என்றுதான் நினைக்கிறார்கள், அதனால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று முழுதாகச் சொல்கிறேன், மூளை, தண்டுவட நரம்புகளின் உறை பழுதாகும் நோய்.

எங்கள் வகைக்கு என்றே ஓர் ஆய்வு நடந்தது, இங்கிலாந்தில், 2019இல் வெளியாயிற்று. நடை பெரும்பாலும் போய்விட்ட 140 பேர். பாதிப் பேர் ஆஸ்வெஸ்ட்ரி என்ற வகை ஃப்ரேமில் வீட்டிலேயே நின்றார்கள், வாரம் மூன்று தடவை அரை மணி, 20 வாரம். 36ஆம் வாரம் பார்த்தபோது உடல் அசைவு மதிப்பெண்ணில் 4.7 புள்ளி மேலே இருந்தார்கள். ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது 9. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது, மூட்டு வலியும் நின்றவர்களுக்குத்தான் அதிகம். எனக்குப் பிடித்தது வேறு. பிசியோ வீட்டுக்கு வந்தது இரண்டே தடவை, மற்றதெல்லாம் ஃபோனில். பஸ் மாறி மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத நமக்கு இதுதான் ஒத்துவரும்.

கத்திரி வெயிலில் எம்.எஸ்.காரர்களுக்குக் கால் இன்னும் மோசமாகும், உடம்பு சூடானாலே நரம்பு மந்தமாகிவிடும். நான் விடியற்காலை ஐந்தரைக்கு, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, திண்ணையில் நிற்கிறேன். பால்காரர் முதலில் பயந்தார். இப்போது பால் பாத்திரத்தை ஃப்ரேம் பலகைமேலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

ஒன்பதாம் மரம்

டீச்சர், பால்காரரைப் படம் பிடித்துப் போடுங்கள்.

தம்பி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம், பலருக்குப் பிபி, சர்க்கரை மாத்திரை மட்டும்தான் தெரிகிறது.

வெண்ணாற்றங்கரை

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நாற்றங்கால் வேலை.

அண்ணன் சொன்னபடி கேட்டேன், பிசியோ வந்தார். டாக்டரிடம் காட்டி, எக்ஸ்ரே பார்த்து, நிற்கலாம் என்ற பிறகுதான் தொட்டார். பிபி மேல் அளவு நின்றவுடன் 14 இறங்கியது, தலை சுற்றல் இல்லை. வலது முழங்காலுக்கு மடங்காமல் தாங்கும் பிரேஸ் போட்டு, கூடத்து மூலையில் கனமான சாப்பாட்டு மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பின்னால் உடனே உட்கார நாற்காலி. அவர் முன்னால், நான் பின்னால். தூக்குவதே இல்லை. "மூக்கு கட்டைவிரலுக்கு நேரா வரட்டும்" என்று குனிய வைத்தார், குனிந்ததும் புட்டம் தானாக எழும்பியது. எட்டு மாதமாக நான் மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் நான்கு நிமிஷம். எங்கள் சிவப்பு ஆக்சைடு தரையைப் பார்த்து, பின்பக்கம் மூடிய ரப்பர் செருப்பு இல்லாமல் நிற்கவே கூடாது என்றார்.

குதிகாலுக்கு ஒரு சாய்வுக் கட்டை கேட்டார். ஆசாரி பழைய கதவு நிலையிலிருந்து அறுத்துக் கொடுத்தார். அது இல்லாமல் நின்றால் எடை முழுக்க விரல் நுனியில் விழுந்து முழங்கால் பின்னால் வளைகிறது. குதிகால் கட்டையில் படுவதை, அப்பா குனிந்து பார்க்க முடியாததால், அம்மாதான் அடிக்கடி ஒரு தாளைக் கீழே விட்டுப் பார்க்கிறார். தாள் இழுத்தால் வரக் கூடாது.

பிறகு எடை பார்க்கும் மெஷின் இரண்டைக் கொண்டுவந்தார், காலுக்கு ஒன்று. அப்பா 62 கிலோ. அவர் நேராக நிற்பதாக நாங்கள் எல்லோரும் நினைத்தோம். இடது 49, வலது 13! அப்பாவே மெஷினைப் பார்த்து "மோசம்" என்றார், தெளிவாக. இப்போது தினமும் அது எங்களுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. நேற்று வலது 19.

அண்ணன் வேலை கொடுக்கச் சொன்னீர்களே. மேஜைக்கு மேலேதான் தினசரி காலண்டர் தொங்குகிறது. உடம்பு சரியாக இருந்தபோது காலையில் தாள் கிழிப்பது அப்பா வேலை, வேறு யாரும் தொடக் கூடாது. முதல் நாள் இடது கையால் கிழித்தார், மூன்று தாள் சேர்ந்து வந்துவிட்டது. திங்கட்கிழமை எங்கள் வீட்டில் புதன்கிழமை. அம்மா ஒட்டப் போனார், விடவில்லை. "நாளைக்குக் கிழிக்க வேண்டாம்" என்று அவர் சொன்னது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் புரிந்தது.

சிக்கல் என்னவென்றால் பிசியோ வராத நாளில் இரண்டு பேர் வேண்டும். நான் வயலுக்குப் போய்விட்டால் அம்மா தனி. அதனால்தான் ஃப்ரேம். பட்டறையில் செய்யலாமா?

ஒன்பதாம் மரம்

என்னுடையது பட்டறையில் செய்ததுதான், ஜி.ஐ. பைப். முதலில் செய்தது முன்னால் சாய்ந்துவிட்டது, அடிப்பாகம் குட்டை. இரண்டாவதில் அகலம் கூட்டினோம், நாலு மூலையிலும் ரப்பர் புஷ். சக்கரம் வேண்டவே வேண்டாம் என்றேன். என்னைவிட கனமான வெல்டரையே உள்ளே நிறுத்தி, நாலு பக்கமும் சாயச் சொல்லி ஆட்டிப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2019இல் கொண்டுவந்த, நிற்க வைக்கும் சக்கர நாற்காலி அரைஸ் பற்றியும் கேட்பார்கள். அதைக் கை பலத்தால் நாமே ஏற்ற வேண்டும். எனக்குச் சரி. ஒரு கை வராத அப்பாவுக்குச் சிரமம்.

குடந்தை பிசியோ

பட்டறைக்காரரிடம் மூன்று விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். முழங்கால் மெத்தை சில்லுமேல் அழுத்தக் கூடாது, சில்லுக்குக் கீழே கால் எலும்பின் தலைப்பகுதியில் படவேண்டும். மெத்தையின் உயரத்தை மாற்ற வழி இருக்க வேண்டும். பின்பக்க பெல்ட் புட்டத்துக்குக் கீழ்ப்பாதியைத் தாங்க வேண்டும், இடுப்பில் கட்டினால் ஆள் வழுக்கித் தொங்குவார்.

 

ஃப்ரேம் வந்தாலும் அம்மாவைத் தனியாக ஏற்ற விடாதீர்கள். ஏறி இறங்கும் இரண்டு நிமிஷத்துக்குத்தான் இன்னொரு ஆள், நடுவில் உள்ள அரை மணிக்கு ஒருவர் போதும். பக்கத்து வீட்டில் யாரையாவது நேரம் சொல்லி வையுங்கள்.

தேரடி

எக்ஸ்ரே எடுத்தீர்கள் என்று படித்ததும் நிம்மதி. அவ்வளவுதான்.

கொட்டகைவீடு

ஒரத்தநாடு. என் பேரன் டைப் பண்ணித் தருகிறான். எங்கள் வீட்டுக்காரருக்கு வாங்கிய ஃப்ரேம் ஒன்று மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. அவர் போன ஐப்பசியில் தவறிவிட்டார். அதன்மேல் இப்போது கயிறும் சாக்கும் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கிறது, எடைக்குப் போடவும் மனசு வரவில்லை. தம்பி வந்து எடுத்துக்கொள்ளட்டும். காசு எதுவும் வேண்டாம்.

குடந்தை பிசியோ

அம்மா, ரொம்ப நன்றி. பேரனிடம் சொல்லி முழங்கால் மெத்தை தரையிலிருந்து எத்தனை அங்குலம், மேலும் கீழும் மாறுமா என்று அளக்கச் சொல்லுங்கள். வெல்டிங்கில் விரிசல், காலில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கொட்டகைவீடு

பேரன் ஸ்கேல் வைத்து அளந்தான். மெத்தை 13 அங்குலத்திலிருந்து 19 வரை நட்டைக் கழற்றி மாற்றலாம். எங்கள் வீட்டுக்காரர் நிலைப்படி இடிக்கிற உயரம், அதனால் இப்போது மேலே இருக்கிறது. ஒரு காலில் மட்டும் துரு, மாட்டு மூத்திரம் பட்டது. விரிசல் தெரியவில்லை. ரப்பர் ஒன்று காணோம்.

வெண்ணாற்றங்கரை

அம்மா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவுக்குச் சில்லுக்குக் கீழே 16 அங்குலம் வருகிறது, அளந்துவிட்டேன். ரப்பர் நான் வாங்கிக்கொள்கிறேன். மேட்டூர் தண்ணீர் இங்கே வந்துவிட்டால் ஆளும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது. அதனால் இந்த ஞாயிறு காலையே டாடா ஏஸ் சொல்லியிருக்கிறேன். வரலாமா?

கொட்டகைவீடு

வாங்க தம்பி. சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும். கொட்டகைக்குள் நீங்களாகப் போகாதீர்கள், சிவப்பு மாடு புது ஆளை முட்டும். பின்பக்கத்து பெல்ட் பீரோவில் இருக்கிறது, தோய்த்துக் காயப்போட்டு வைக்கிறேன்.